முந்நூறு எண்ணும்வரை

கடல் விலகியிருந்த மூன்று மணி நேரத்தில்
குழாயை இறக்கினோம்.
இறங்கியது. ஏற மறுத்தது.
சேறு பிடித்தால் விடாதென்று
கலீசியாவின் இந்தக் கழியில்
எல்லோருக்கும் தெரியும்,
பல்கலைக்கழகத்தைத் தவிர.

மட்டி வாரிக்கொண்டிருந்த தோசிந்தா
வாரியைப் போட்டுவிட்டு வந்து
குழாயை இடுப்போடு அணைத்து
ஒரு திருகு திருகினாள்.
கடைவாய்ப்பல் பிடுங்கிய சத்தத்தோடு
வந்தது இரண்டு மீட்டர் எண்பது.

"இதில் என்ன கிடைக்கும்?"
"பூந்தூள்."
"கடலுக்கடியில் பூவா?
நாங்கள் தோண்டினால் மட்டியாவது கிடைக்கும்."

*

எனக்கு மே மாதம் ஆகாது.
புல் பூத்தால் கண் வீங்கும்,
கைக்குட்டையும் நானுமாக அலைவோம்.
ஆய்வகத்துப் பூக்களுக்குத் தும்மல் வராது.

மணலைத் தின்னும் அமிலத்தில்
மணல் போய்விடும். சுண்ணாம்பு முன்பே போயிருக்கும்.
எலும்பைக் கரைத்த சேறும்
தோற்றுப்போனது இந்தத் தூளிடம்.

சிவப்புச் சாயம், கண்ணாடித் தகடு, நானூறு மடங்கு.
இரண்டு காற்றுப்பை கட்டிப் பறந்து வந்தது பைன்.
ஐந்து மூலை என்றால் ஆல்டர்.
ஒற்றைத் துளையோடு உருண்டையாகப் புல்,
என் பழைய பகையாளி,
இரண்டாயிரம் வருடமாய்ச் செத்துக் கிடக்கிறான்.
தகட்டுக்கு முந்நூறு எண்ண வேண்டும்.
இருநூற்று எண்பதில் தொலைபேசி அடிக்கும்.

அடியில் ஆல்டர், ஓக், ஏராளம் பெரணி.
நன்னீர்ச் சதுப்பு. கடல் இன்னும் வாசலுக்கு வரவில்லை.
இரண்டு மீட்டர் பத்தில்
ஓர் உமரி.
அடுத்த தகட்டில் ஒன்பது.
அதற்கடுத்ததில்
ஆல்டரைத் தேட வேண்டியிருந்தது.

ஒன்று நாற்பதில் கரித்துகள்.
யாரோ தீ மூட்டியிருக்கிறார்கள்.
ஓக் பாதியாகிறது,
ரை வருகிறது, பின்னாலேயே கஷ்கொட்டை.
அவர்கள் பேசிய மொழி தெரியாது.
பசித்தது தெரிகிறது.

பிறகு, ஐம்பத்தெட்டிலிருந்து ஐம்பத்தொன்றுவரை,
ரை இல்லை.
கொள்ளைநோயோ கடற்கொள்ளையோ
வரி கேட்டு வந்தவனோ,
ஏழு சென்டிமீட்டருக்கு ஒருவரும் விதைக்கவில்லை.
ஓக் காலி வயலில் முளைத்து
தன் பாட்டுக்குப் பூத்தது.
அந்த ஏழை மட்டும்
மூன்று முறை எண்ணினேன்.
ஒரு ரையாவது இருக்கும் என்று.

மேலே, கடைசிப் பன்னிரண்டில், முக்கோணங்கள்.
தைல மரம், தைல மரம், தைல மரம்.
கண்ணை மூடினாலும் முக்கோணம்.
அறிக்கையில் எழுதினேன்:
மனிதத் தாக்கம், தீவிரம்.

*

நவம்பரில் வரைபடத்தை எடுத்துப் போனேன்.
தோசிந்தா ஈரக்கையைத் துடைக்காமலே விரித்தாள்.
வலது ஓரத்தில் திடீரென்று எழும் வளைவின்மேல்
விரல் வைத்தாள்.

"இது?"
"தைல மரம்."
"அந்த மேட்டில் இருப்பதா?
நானும் அமாரோவும் நட்டது.
காகித ஆலை கன்றுக்கு இவ்வளவு என்று கொடுத்தது.
முதல் வெட்டு விற்ற வருடம்
கூரை ஒழுகுவது நின்றது."

வளைவு நெடுக ஈரம் பரவியிருந்தது.
"கூரை இதில் எங்கே?"

தேடினேன், வேடிக்கைக்கு அல்ல, உண்மையாகவே.
முப்பத்தொரு வளைவுகள்.
பெரணிக்குக்கூட இரண்டு.

கடல் திரும்பும் நேரம்.
தாளை மடித்து என்னிடம் தந்துவிட்டு
அவள் வாரியை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.
மேட்டில் தைல மரங்கள் பூத்திருந்தன.
காற்று அங்கிருந்துதான்,
சேற்றின்மேல், வாளியின்மேல், அவள் முதுகின்மேல்.

தும்மினேன்.

"ஒன்று" என்றாள் தோசிந்தா,
திரும்பிப் பார்க்காமலே.